சங்கத்துக்குள் சங்கம்

சங்கம் ஸ்தாபிப்பது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பது அரிது. ஒரு மாலைப் பொழுதில் கூட்டம் கூடி, அக்கிராசனரைத் தேர்ந்தெடுத்து, விதிகளை வாசித்து, சந்தா இவ்வளவு என்று தீர்மானித்துக் கைதட்டிக் கலைந்துவிடலாம். மறு வருஷம் அதே மண்டபத்தில் அதே அக்கிராசனர் வீற்றிருப்பார். எதிரே நாற்காலிகள் மட்டும் காலியாயிருக்கும். அங்கத்தினர் ஏன் வரவில்லையென்று கேட்டால், ஜனங்களுக்குப் பொதுநல உணர்ச்சி போதாது என்று நிர்வாகிகள் விடை கூறுவார்கள். இவ்விடையை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. உணர்ச்சியற்றவன் முதல் வருஷத்திலேயே சந்தா கொடுத்திருக்க மாட்டான். கொடுத்தவன் பிறகு வராமற் போவானேன்? தன் கையிலுள்ள வேலையைப் பற்றியும் தன் தலையிலுள்ள பாரத்தைப் பற்றியும் அந்தச் சபையில் ஒரு வார்த்தையேனும் பேசப்படவில்லை என்பதை அவன் கண்டுகொண்டான். காரணம் அவ்வளவே.

தொழிலின் பெயர் ஒன்றாயிருக்கலாம். அதற்குள் வேலைகள் பல. வைத்தியர் சங்கத்தில் பட்டணத்துச் சத்திரசிகிச்சை நிபுணரும் உண்டு. கிராமத்தில் தனியாக இரவு பகல் உழைக்கும் வைத்தியரும் உண்டு. உபாத்தியாயர் சங்கத்தில் கலாசாலை ஆசிரியரும் உண்டு. ஐந்து வகுப்புக்களை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயரும் உண்டு. இவர்கள் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால், உரத்த குரலுடையவன் குறையே சங்கத்தின் குறையாகிவிடும்; மற்றவர்கள் மௌனமாக எழுந்து போய்விடுவார்கள். ஆகவே பெரிய சங்கத்துக்குள் ஒரே வகை வேலையும் ஒரே வகைக் கவலையும் உடையவர்கள் தனித்தனிப் பிரிவுகளாகக் கூடிப் பேசவேண்டும் என்ற யோசனை எழுகிறது. உடனே, "இது ஒற்றுமையைக் குலைக்கும் வழி; சங்கத்தைக் கூறுபோடும் சூழ்ச்சி" என்ற ஆட்சேபமும் எழுகிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. வாதத்தால் இது தீராது. நமது தேசத்திலேயே இந்த முறையை வெகுகாலம் நடத்திப் பார்த்த ஒரு சங்கத்தின் சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது ஆமதாபாத் நகரத்து மஜூர் மகாஜன்.

1918-ம் வருஷத்து வேலை நிறுத்தத்தை நேயர்களிற் பலர் அறிவர். அதற்கு முந்திய வருஷத்தில் ஆமதாபாத்தில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதபடி ஆலை முதலாளிகள் கூலியோடு பிளேக் போனஸும் கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் போனஸை நிறுத்தினர், விலைவாசியோ தணியவில்லை. நெசவுத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். காந்தியடிகள் விவரங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு முப்பத்தைந்து உயர்வு நியாயமானது என்று சொன்னார். முதலாளிகள் இருபதுக்கு மேல் இல்லை என்றனர். பிப்ரவரி 22-ந் தேதி ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன. முதலாளிகள் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் முன்னின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா பென். சபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் தினந்தோறும் கூட்டம் நடந்தது. மார்ச்சு 15-ல் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். 18-ல் சமரசம் ஏற்பட்டது. பின்னர் மத்தியஸ்தரான ஆனந்தசங்கர் துருவர் முப்பத்தைந்தையே தீர்ப்பாக அளித்தார்.

வெற்றி கிடைத்தது, ஆனால் சங்கம் இன்னும் கிடைக்கவில்லை. 1920-ல் தான் தொழிலாளர் நிலையான ஸ்தாபனம் கண்டனர். குஜராத்தில் வியாபாரிகள் கூட்டாகத் தங்கள் தொழிலை நிர்வகித்த பழைய அமைப்புக்கு மகாஜன் என்று பெயர். அதே பெயரைத் தொழிலாளர் எடுத்துக்கொண்டு மஜூர் மகாஜன் என்று வைத்தனர். இந்தச் சங்கம் ஒரே திரளாகத் தொடங்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். நூற்பு இலாகாத் தொழிலாளரின் சங்கம் முதலில் தோன்றிற்று. நெசவாளர், பஞ்சு கடையும் இலாகாவினர், நூல் சுற்றுவோர், இயந்திரங்களுக்கு எண்ணெய் இடுவோர், கொதிகலனுக்குத் தீ மூட்டுவோர், மேஸ்திரிகள் என ஒவ்வொரு வேலையினருக்கும் தனித்தனிச் சங்கம் அமைந்தது. அவை யாவும் ஒரே மகாஜனில் அடங்கின. ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. பிரதிநிதிகள் கூடிய பொதுச் சபை எல்லோருக்கும் பொதுவான காரியங்களைத் தீர்மானித்தது.

இந்த ஏற்பாடு ஏன் அவசியமாயிற்று என்பதை ஆலைக்குள் சென்றவர்கள் நொடியில் அறிவார்கள். நெசவாளி நெய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவன். மட்டமான பஞ்சை வாங்கி முதலாளி நூல் நூற்கச் செய்தால், தறியில் இழை அடிக்கடி அறுகிறது. அறுந்த இழையை முடிகிற நேரமெல்லாம் நெசவாளியின் கூலியில் கழிகிறது. நூற்பு இலாகாவில் நிற்பவனுக்கு இந்தக் குறை இல்லை. ஒருவன் எத்தனை கதிர்களைக் கவனிப்பது என்பதே அவன் குறை. தீ மூட்டுகிறவனுக்கு உஷ்ணமும் வேலை நேரமும் குறை. நூல் சுற்றுகிற பெண்ணுக்குக் குழந்தையை எங்கே விடுவது என்பது குறை. இவர்கள் நால்வரையும் ஒரே கூட்டத்தில் வைத்து "உங்கள் குறை என்ன?" என்று கேட்டால், "கூலி போதாது" என்ற ஒரே விடைதான் வரும். தனித்தனியே கேட்டால்தான், எந்த இயந்திரத்தில், எந்தப் பஞ்சில், எந்த மேஸ்திரியின் கீழ் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கு வரும். முதலாளியின் மேஜைமுன் நின்று வழக்காடுகிறவனுக்குக் கணக்கே ஆயுதம், கோஷம் ஆயுதமன்று.

அதே சமயத்தில் இவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்தும் வாழ முடியாது. நூற்பு இலாகா நின்றால் மறுநாள் தறிக்கு நூல் இல்லை. கொதிகலன் அணைந்தால் எல்லாம் அணைந்தன. ஆகவே ஒரு பிரிவு தன் கோபத்தில் தானே வேலையை நிறுத்திவிடக் கூடாது. மகாஜன் ஆராய்ந்து, முதலாளிகள் சங்கத்தோடு பேசி, மத்தியஸ்தத்துக்கு விட்டு, அதுவும் பலிக்காவிட்டால்தான் நிறுத்தம் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. காந்தியடிகளும் முதலாளிகள் தலைவர் மங்கள்தாஸ் சேட்டும் சேர்ந்த மத்தியஸ்த சபை 1920-லேயே அமைந்தது. 1922 முதல் 1946 வரை காரியதரிசியாக உழைத்த குல்ஜாரிலால் நந்தா, தொழிலாளரின் புகார்களைப் பதிந்து விசாரித்துத் தீர்க்கும் முறையைத் திடப்படுத்தினவர்களில் ஒருவர். குறையைச் சொல்லத் தனி இடம். குறைக்காகப் போராடப் பொது இடம்: மகாஜனின் அமைப்பை இந்த இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் புகழ்மாலை பாடினவர்களாவோம். உண்மை சொன்னவர்களாக மாட்டோம். அந்த அமைப்பில் ஒரு பெரிய ஊனமும் இருந்தது. ஆமதாபாத் ஆலைகளில் நூற்பு இலாகா பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு விடப்பட்டிருந்தது. நெசவு இலாகாவில் முஸ்லிம்களும் மேல்சாதி ஹிந்துக்களும் இருந்தனர். அக்காலத்துத் தறியில் நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் மற்றொருவன் வாய் வைக்க நேரும் என்று சொல்லி, தாழ்த்தப்பட்டவர்களை நெசவு இலாகாவுக்குள் விடவில்லை. நெசவுக்கூலியோ நூற்புக்கூலியைவிட அதிகம். ஆகவே வேலைப் பிரிவு என்று பெயர் சொன்னாலும், உள்ளே இருந்தது சாதிப் பிரிவே. வேலைவாரியாகச் சங்கம் அமைத்தபோது இந்தச் சுவரும் சேர்ந்து அமைந்துவிட்டது. நூற்புத் தொழிலாளர் மகாஜனை உறுதியாகப் பற்றி நின்றனர். நெசவாளரிற் பலர் பற்றற்றிருந்தனர். 1930-க்குப் பின் போட்டிச் சங்கங்கள் தோன்றியபோது அவர்களில் பலர் அங்கே சென்றனர். தீண்டாமையைப் பாவம் என்று உலகறியச் சொன்ன மகாத்மாவின் நகரத்தில், அவர் வளர்த்த சங்கத்தால், நெசவு இலாகாவின் அந்தக் கதவை நெடுங்காலம் திறக்க முடியவில்லை.

ஆமதாபாத்தைப் பார்த்து நகைக்க நமக்கு யோக்கியதை இல்லை. நமது சென்னையிலேயே 1918-ல் வாடியாவைத் தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரை உபதலைவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. இந்தியாவில் ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கங்களுள் முதன்மையானது என்று அதைச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்குப் பின் 1921-ல் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் நடந்த நிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. சர்க்காரும் முதலாளிகளும் அந்தப் பிளவைத் தங்களுக்கு அநுகூலமாக்கிக்கொண்டனர். நிறுத்தம் தோல்வியுற்றது. எல்லோரும் ஒன்று என்று மேடையில் சொன்னதால் எல்லோரும் ஒன்றாகிவிடவில்லை. வேறுபாட்டைக் கண்ணை மூடி மறைத்தாலும் ஆபத்து. ஆமதாபாத்தைப் போல அதையே அஸ்திவாரமாக வைத்துக் கட்டினாலும் ஆபத்து. வேறுபாட்டைப் பேச இடம் கொடுத்து, அதைக் கரைக்கவும் வழி தேடுவதே சங்கத்தின் வேலை.

மகாஜனின் சரித்திரத்தில் இரண்டாவது பாகம் இன்னும் அதிகமான பாடம் உடையது. 1954-ல் மகாஜனுக்குள் மாதர் பகுதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆலைத் தொழிலாளரின் மனைவியரும் புதல்வியரும் தையல், பின்னல், நூற்பு, தட்டெழுத்து முதலியன கற்பதற்காகவே அது தோன்றிற்று. நல்லெண்ணத்தோடு தொடங்கியதுதான். ஆனால் அந்தப் பெண்களும் உழைப்பாளிகள், அவர்களுக்கும் கூலி வழக்கு உண்டு என்ற எண்ணம் அதில் இல்லை. 1955-ல் மகாஜனின் சட்டப் பகுதியில் வந்து சேர்ந்த வக்கீல் இளா பட் அம்மையார், 1968-ல் மாதர் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அதன் பின்னரே காரியம் வேறு திசையில் திரும்பிற்று.

1971-ல் ஜவுளிக் கடைவீதியில் வண்டி இழுக்கும் பெண்கள் சிலர், குடியிருக்க இடமில்லை என்று முறையிட்டு வந்தனர். இளா பட் அவர்களோடு கடைவீதிக்குச் சென்றார். அங்கே துணி மூட்டைகளைத் தலையில் சுமந்து மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்குக் கொண்டு செல்லும் பெண்களைக் கண்டார். தூரம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்ற கணக்கே இல்லாமல் அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. இதை அவர் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் சினந்து, தாங்கள் நியாயமான கூலியே கொடுப்பதாகப் பதில் பிரசுரித்தனர். மாதர் பகுதியார் சண்டைக்குப் போகவில்லை. வியாபாரிகள் தாங்களே சொன்ன கூலி விவரத்தைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு, சுமைதூக்கும் பெண்கள் கையில் கொடுத்துவிட்டனர். "நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன கூலி இதோ" என்று அட்டையை நீட்டினால், மறுத்துப் பேச வியாபாரிக்கு வாயேது? எதிரியின் வாக்கையே சாட்சியாக்கின இந்த யுக்திக்கு ஈடான தொழிற்சங்க வேலையை நாம் அதிகம் கண்டதில்லை.

செய்தி பரவிற்று. பழந்துணி வாங்கி விற்கும் பெண்கள் வந்தனர்; மற்ற வேலையினரும் வந்தனர். பொதுக்கூட்டம் ஒன்றில், நமக்கே ஒரு சங்கம் வேண்டும் என்று கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணே யோசனை கூறினாள். மகாஜனின் தலைவர் அரவிந்த புச் புதிய சங்கத்துக்கும் தலைவரானார். இளா பட் பொதுக் காரியதரிசியானார். சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது அதிகாரிகள் திகைத்தனர். "இவர்களுக்கு முதலாளி யார்? யாரை எதிர்த்து இந்தச் சங்கம்?" என்று கேட்டனர். தொழிலாளர் ஒருவரோடொருவர் ஒன்றுபடுவதற்கே சங்கம். எதிர்ப்பதற்கு ஆள் இருந்தால்தான் சங்கம் என்பதில்லை என்று பதில் சொல்லப்பட்டது. 1972 ஏப்ரல் 12-ல் ஸேவா என்ற சுயதொழிற் பெண்கள் சங்கம் பதிவாயிற்று. கடன்காரனிடம் வட்டியில் மூழ்கிய அங்கத்தினருக்காக, 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு 1974-ல் சொந்தக் கூட்டுறவு பாங்கியும் கண்டனர். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல் கற்பிக்கத் தோன்றிய ஒரு சிறு பகுதி, இருபது வருஷத்தில், எவரும் தொழிலாளர் என்றே எண்ணாதவர்களின் சங்கமாகிவிட்டது.

தாய்ச் சங்கத்துக்கு இது பெருமையாயிருக்க வேண்டும். நடந்தது வேறு. பிள்ளை தானே நடக்கத் தொடங்கியதும் வீட்டில் மனஸ்தாபம் வளர்ந்தது. 1981-ல் குஜராத்தில், வைத்தியக் கலாசாலைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய இடங்களை எதிர்த்துக் கலகம் மூண்டது. ஒதுக்கீட்டை ஆதரித்து இளா பட் பகிரங்கமாகப் பேசினார். ஸேவாவின் அங்கத்தினரில் தாழ்த்தப்பட்ட பெண்கள் ஏராளம். அவர்கள் குடிசைகள் தாக்கப்படும்போது அவர்கள் சங்கம் வாய்மூடி இருக்க முடியாது. மகாஜனின் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இரு தரத்தாரும் அங்கத்தினராயுள்ள சங்கம் இந்தத் தீயில் இறங்கலாகாது என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும். அது முற்றிலும் அற்பமான காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த முடிவு, ஸேவாவை மகாஜனிலிருந்து வெளியேற்றுவது என்பது.

யார் நஷ்டமடைந்தார்? இதற்குக் காலமே விடை கூறிவிட்டது. அடுத்த வருஷங்களில் ஆமதாபாத்தின் பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர் வேலையிழந்து, தள்ளுவண்டியும் தலைச்சுமையும் சில்லறை வேலையுமாகத் தெருவுக்கு வந்தனர். தெருவில் உழைப்பவர்களை ஒன்றுசேர்க்கத் தெரிந்த பகுதியைத்தான் மகாஜன் சில வருஷங்களுக்கு முன் வெளியே தள்ளியிருந்தது! ஒருகாலத்தில் நகரத்தையே அசைத்த மகாஜன் மெலிந்தது. ஸேவாவோ இன்று இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை உடைய ஸ்தாபனம். வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றியும் துணி தைத்தும் பிழைப்பவர்களைத் தொழிலாளராக ஏற்கும் சர்வதேச உடன்படிக்கை 1996-ல் ஜினீவாவில் நிறைவேறியதற்கு அது பெரும் தூண்டுகோல். இளா பட் அம்மையார் 2022-ல் காலமானார். மாதர் பகுதி நல்ல யோசனை கூறியது என்பது மட்டுமன்று. நாளை வரப்போகும் உலகத்தை முதலில் கண்டது அந்தச் சிறு பிரிவுதான் என்பதைச் சங்கத் தலைவர்கள் சிந்திக்க வேண்டும்.

ஸேவா தன் தாயின் தவறிலிருந்து கற்றுக்கொண்டது; தாயின் நல்ல முறையையும் கைவிடவில்லை. அதற்குள்ளும் பீடி சுற்றுவோர், காய்கறி விற்போர், தலைச்சுமைக்காரர், ஊதுபத்தி செய்வோர் எனத் தொழில்வாரியாகக் குழுக்கள் உண்டு. ஒவ்வொரு தொழிலினரும் தங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பிரதிநிதிகளே நிர்வாக சபையைத் தேர்கின்றனர். தொழிலுக்கு ஒரு குழு என்றாலும், ஹிந்துவும் முஸ்லிமும் தாழ்த்தப்பட்டவளும் ஒரே பாயில் அமர்வது அங்கே விதி.

இது கூலித் தொழிலாளருக்கு மட்டும் உரிய விஷயம் என்று படித்த தொழிலினர் எண்ண வேண்டாம். எஞ்சினீயர்களின் சரித்திரமும் இதையே சொல்லும். அமெரிக்காவில் மின்சார எஞ்சினீயர்கள் கழகம் 1884-ல் தோன்றிற்று. கம்பியில்லாத் தந்தி என்ற புதிய வித்தை வந்தபோது, அதைப் பயின்ற இளைஞர்கள் அந்தப் பழைய வீட்டில் தங்களுக்குப் போதிய இடமில்லை என்று கருதி, 1912-ல் ரேடியோ எஞ்சினீயர்கள் கழகம் என்று தனிக் குடித்தனம் போயினர். தனிக் குடித்தனம் தாய் வீட்டைவிடப் பெரிதாக வளர்ந்தது. அந்தக் கழகமும் வளர வளர, ஒலி, வானலை, கணக்கிடும் யந்திரம் என அதற்குள்ளும் பல துறையினர் ஆயினர். அவர்களையும் பிரிந்து போக விட்டுவிடாமல், 1948 முதல் கழகத்துக்குள்ளேயே துறைவாரியான குழுக்கள் அமைக்கப்பட்டன. 1963-ல் இரண்டு கழகங்களும் மீண்டும் ஒன்றாயின. இன்று ஐ. இ. இ. இ. என்று உலகெங்கும் அறியப்படும் அந்த ஸ்தாபனத்துக்குள் 39 துறைச் சங்கங்கள் உள்ளன. பிரிந்தவர்கள் கூட ஐம்பது வருஷம் ஆயிற்று. முதலிலேயே ஓர் அறை கொடுத்திருந்தால் இரண்டாவது வீடு கட்டும் செலவு மிஞ்சியிருக்கும்.

இவற்றிலிருந்து சங்கம் நடத்துவோர் கொள்ளவேண்டிய முடிபுகள் யாவை? நமக்குத் தோன்றுவனவற்றைச் சொல்லுகிறோம்.

பிரிவு என்பது நிர்வாக சபை உத்தரவு போட்டுப் பிறப்பதன்று. பத்துப் பிரிவுகளின் பெயரைக் காகிதத்தில் எழுதி, பத்துப் பெரிய மனிதர்களைத் தலைவராக்குவது, நட்டு நீர் ஊற்றாத மரவரிசைக்குச் சமானம். வேலை முடிந்து களைத்த பின்பும் வந்து உட்காரச் சித்தமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். பதினைந்து பேர் உண்மையாக இருந்தால் ஒரு பிரிவு தொடங்கலாம். அவர்களுக்கு உடனே செய்யக்கூடிய ஒரு சிறு வேலை இருக்கவேண்டும். சுமைக்காரப் பெண்களுக்கு ஓர் அட்டை எவ்வளவு செய்தது என்பதைக் கண்டோம். மாநாடு பின்னால் வரட்டும். அட்டை முதலில் வரட்டும்.

பிரிவின் தலைமை அந்த வேலையைச் செய்கிறவர் கையிலேயே இருக்கவேண்டும். மகாஜனில் காரியதரிசிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள். அவர்கள் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பிறர் வாயால் பேசிப் பழகிய தொழிலாளி, தன் வாயால் பேசவேண்டிய நாளில் திகைப்பான். வக்கீல் கூட நிற்கட்டும்; முன் நிற்க வேண்டாம்.

பிரிவுக்குப் பணமும் வேண்டும், வாக்கும் வேண்டும். சந்தாவை முழுவதும் மத்தியில் வாங்கிக்கொண்டு, ஒரு கடிதம் அனுப்பவும் காரியதரிசியின் கையெழுத்துக்குக் காத்திருக்கச் சொன்னால் அது பிரிவல்ல, பொம்மை. சந்தாவில் ஒரு பங்கு பிரிவின் கையில் இருக்கட்டும். கணக்கு மட்டும் பொதுவில் தணிக்கையாகட்டும். பொதுச் சபையில் ஒவ்வொரு பிரிவுக்கும் அங்கத்தினர் தொகைக்கேற்ற இடம் இருக்கட்டும். மிகச் சிறிய பிரிவுக்கும் ஓர் இடமாவது இருக்கட்டும். கேட்கிற உரிமை இல்லாத இடத்தில் கொடுக்கிற மனமும் நிலைக்காது.

பிறப்பு வழியாக எந்தப் பிரிவும் அமையக் கூடாது. வேலையின் பெயரால் அமைந்த பிரிவுக்குள் சாதியோ மதமோ ஒளிந்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கத்தினர் ஜாபிதாவை எடுத்துப் பார்க்கவேண்டும். ஒளிந்திருந்தால், அந்த வேலைக்குள் மற்றவர் நுழைவதற்குத் தடை எது என்று தேடி, அந்தத் தடையை உடைப்பதையே அவ்வருஷத்து வேலையாகக் கொள்ளவேண்டும். ஆமதாபாத்தின் நாடாவை மறவாதீர்கள்.

கடைசியாக, பிரிவு எதைப் பற்றித் தானே பேசலாம், எதைப் பற்றிப் பொதுச் சபையைக் கேட்ட பின்பே பேசலாம் என்பதை அமைதியான நாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கலக நாளில் எழுதும் விதி கோபத்தின் கையெழுத்தாகத்தான் இருக்கும். அங்ஙனம் எழுதும்போது ஒன்றை மறுக்கலாகாது. ஒரு பிரிவின் அங்கத்தினர் உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து வந்தால், அப்பிரிவு வாய் திறக்கும் உரிமை எக்காலத்தும் உண்டு. அதைக் கேட்டுச் சகிக்க முடியாத சங்கம் ஒற்றுமை என்று எதைச் சொல்லுகிறதோ அது வெறும் மௌனம்.

"இவ்வளவு பிரிவுகள் இருந்தால் போராட வேண்டிய நாளில் ஒன்றாய் நிற்பார்களா?" என்று அரசியல் ஊழியரான நண்பர்கள் கேட்பார்கள். ஊழியர்களுக்குத் திரள் பிடிக்கும். ஊர்வலத்தில் திரளே தெரியும். ஆனால் ஊர்வலம் ஒரு நாள், சங்கம் முந்நூற்றறுபத்தைந்து நாள். தன் குறை கேட்கப்பட்டது என்று அறிந்தவன், பிறன் குறைக்காகவும் வந்து நிற்பான். கேட்கப்படாதவன் ஒரு தடவை வருவான். மறு தடவை அழைத்தால் உடம்புக்குச் சரியில்லை என்பான். அன்றியும், சங்கத்தின் பிரிவுகளைத் தத்தம் கட்சிக்கு வோட்டுப் பெட்டிகளாக்க முயலுகிற ஊழியர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: அப்படிச் செய்தால் பிரிவும் கெடும், கட்சிக்கும் வோட்டு நிலைக்காது.

இன்று நம் தேசத்து உழைப்பாளரில் பெரும்பாலோர், நிலையான முதலாளியோ நிலையான சம்பளமோ இல்லாதவர்கள். தெருவில் விற்பவர்களும், வீட்டிலிருந்து தைப்பவர்களும், வண்டியில் சாப்பாடு கொண்டு செல்லும் இளைஞர்களும் எந்தப் பழைய சங்கத்தின் விதிக்குள்ளும் அடங்கமாட்டார்கள். அவர்கள் ஒருநாள் ஏதாவதொரு சங்கத்தின் வாயிலில் வந்து நிற்பார்கள். 1971-ல் ஆமதாபாத்தில் சிலர் வந்து நின்றதைப் போலவே, குடியிருக்க இடம் கேட்டோ, கூலிக் கணக்குக் கேட்டோ வருவார்கள். அன்று அவர்களை உள்ளே அழைத்து ஓர் அறையைத் திறந்து கொடுக்கும் சங்கம் பிழைக்கும். "எங்கள் விதியில் உங்களுக்கு இடமில்லை" என்று சொல்லும் சங்கத்துக்கு விதி மட்டுமே மிஞ்சும்.